தார்ன்கோட் வம்புக்காரிகள்

காசிப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்றைக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த வீட்டு விஷயத்தை மெல்லுகிறவர்களுக்கும், மெல்லப்படுகிற விஷயத்துக்கும் சேர்த்து ஒரே பெயர். சொல்லைக் கேட்டதுமே இரண்டு பெண்கள் வேலியோரம் தலையைச் சேர்த்துக்கொண்டு நிற்பது கண்ணில் வந்துவிடும். ஆண்கள் மதுக்கடையில் உட்கார்ந்து பேசினால் அது நாட்டு நடப்பு. பெண்கள் பேசினால் வம்பு. இது எந்த ஊர் நியாயமோ எனக்குத் தெரியாது.

சொல் பிறந்தபோது அதற்கு இந்தக் கெட்ட பெயர் கிடையாது. காட் என்றால் கடவுள், ஸிப் என்றால் உறவு. இரண்டும் ஒட்டி காட்ஸிப். ரத்தத்தால் வராமல் ஞானஸ்நானத் தண்ணீரால் வந்த உறவு. உன் பிள்ளையை நான் கையில் ஏந்தி அதற்காகக் கடவுளிடம் வாக்குக் கொடுத்தால் நீயும் நானும் காசிப். பிறகு பிள்ளைப்பேற்றுக்கு வந்து கூட இருக்கிற பெண்கள் எல்லோருமே காசிப் ஆனார்கள். கதவைச் சாத்தி, சாவித்துவாரத்தில் துணி அடைத்து, ஆண்களை வெளியே நிறுத்திவிட்டு அவர்கள் உள்ளே இருந்தார்கள். இவள்கள் உள்ளே என்னதான் பேசுகிறார்களோ என்று வெளியே நின்றவர்களுக்கு ஒரே கலக்கம். அந்தக் கலக்கத்தில்தான் சொல் கெட்டுப்போனது என்பது என் கட்சி. சான்று கேட்டால் என்னிடம் தார்ன்கோட்டில் நடந்த இந்த ஒரு கதைதான் இருக்கிறது.

இங்கிலாந்தில் முதலாம் சார்ல்ஸ் மன்னர் பட்டத்துக்கு வந்த புதிது, இன்றைக்கு நானூறு வருஷம் முன்னால். தார்ன்கோட் கிராமத்தில் உர்சுலா ஹார்டிங் என்று ஒருத்தி இருந்தாள். ஊரில் அவளுக்கு ‘ரெண்டாவது மணி’ என்று பெயர். கோயில் மணி ஞாயிற்றுக்கிழமைதான் அடிக்கும். இவள் தினமும் அடிப்பாள். பொது அடுப்பில் ரொட்டி வைத்துவிட்டு அது வெந்து வருவதற்குள், யார் வீட்டுப் பசு மடி வற்றியது, யார் வீட்டு மருமகள் முகம் வாடியது எல்லாம் அவளுக்கு வந்து சேர்ந்து, அவளிடமிருந்து கிளம்பியும் போயிருக்கும். கெட்ட மனசு இல்லை. யார் வீட்டில் காய்ச்சல் என்று முதலில் தெரிந்துகொள்கிறவளும் அவள்தான், கஞ்சிச் சட்டியோடு முதலில் போய் நிற்கிறவளும் அவள்தான்.

அவள் கணவர் அம்ப்ரோஸ் ஹார்டிங் அதற்கு நேர் எதிர். நிலமும் மாடும் உள்ளவர். கோயிலையும் ஊர்க் காரியங்களையும் சேர்த்து நிர்வாகம் பார்க்கும் இரண்டு பெரிய மனிதர்களில் ஒருவர். அளந்துதான் பேசுவார். உர்சுலா வாயைத் திறந்தால், “உன் வாயில எதுதான் தங்கியிருக்கு?” என்பார். அது அந்த வீட்டில் உப்பைப் போல எல்லாச் சாப்பாட்டோடும் வந்தது. அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் கோயில் தோட்டத்தில் மண்ணுக்குள் இருந்தன.

உர்சுலாவுக்குப் பிள்ளை என்று சொல்ல மிஞ்சியிருந்தவள் தாம்சின். தோழி பெற்ற பெண். புது மணப்பெண்ணாக ஊருக்கு வந்த வருஷமே உர்சுலா அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்தி ஞானத்தாய் ஆனாள். தோழி போய்ச் சேர்ந்த பிறகு பெண் வளர்ந்து, விதவை கிரேஸ் வீட்டு மாட்டுக்கொட்டிலில் பால் கறந்து பிழைத்துக்கொண்டிருந்தாள். இலையுதிர் காலத்தில் அவள் வயிறு தெரிய ஆரம்பித்தது. கல்யாணம் ஆகவில்லை. யார் என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

உர்சுலாவுக்கு அதுதான் ஆறவில்லை. ஊருக்குச் சொல்லாதே, சரி. ஞானத்தாய்க்குமா சொல்லக் கூடாது? சொல்லாததை அவளே கண்டுபிடிக்கக் கிளம்பினாள். முதலில் பாத்திரம் அடைக்க வருகிறவன் என்றாள். அப்புறம் மாவு மில்காரனின் இரண்டாவது மகன் என்றாள். அந்தப் பையன் வெளியே தலைகாட்ட முடியாமல் ஒரு மாதம் கிடந்தான். சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் அம்ப்ரோஸிடம் சொல்லுவாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “விடு. அவ பாவம் அவளோட” என்பார்.

விட முடியாத காரியம் அது. அப்பன் யார் என்று தெரிந்தால் அவன் பிள்ளையையும் தாயையும் காப்பாற்ற வேண்டும் என்பது சட்டம். தெரியாவிட்டால் தாயை மாவட்டத் தலைநகரில் இருக்கிற திருத்தச் சிறைக்கு அனுப்புவார்கள். பிள்ளையை ஊர் நிர்வாகம் கைகாட்டுகிற யாரிடமாவது தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளப்பட்ட பிள்ளைகள் நடக்கிற வயதுவரை வந்ததை யாரும் அதிகம் பார்த்ததில்லை. தாம்சினை அனுப்பியே ஆக வேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொன்னவர் அம்ப்ரோஸ்தான். ஊருக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா என்றார்.

பிப்ரவரியில் ஒரு மதியம் கிரேஸ் மூச்சிரைக்க ஓடி வந்தாள். இந்த மாதிரி நேரத்தில் வீடுவீடாக ஓடிப் பெண்களை அழைக்க வேண்டியவன் புருஷன். தாம்சினுக்கு ஓட ஆளில்லை.

“உர்சுலாக்கா, வலி கண்டுடுச்சு. வருவீங்களா?”

“இதென்னடி கேள்வி? கூப்பிடலேன்னா உன் கூரையைப் பிச்சுக்கிட்டு வந்திருப்பேன்!”

போகிற அவசரத்திலும் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பாலாடைக்கட்டி. பிள்ளை பிறக்கிற வீட்டில் அப்பன்காரன் முன்கூட்டியே பெரிய பாலாடைக்கட்டி ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். வந்த பெண்கள் அதை நடுவிலிருந்து வெட்டி வெட்டித் தின்பார்கள். கடைசியில் ஓரம் மட்டும் வளையமாக மிஞ்சும். ஞானஸ்நானத்தன்று அப்பன் அந்த வளையத்தைக் கையில் பிடிக்க, பிள்ளையை அதற்குள் விட்டு எடுப்பார்கள். பிள்ளைக்கு ஆயுசு. தாம்சினுக்கு யார் வைத்திருக்கப் போகிறார்கள்? உர்சுலா தன் வீட்டுப் பலகையிலிருந்து அம்ப்ரோஸ் சந்தைக்கென்று ஒதுக்கியிருந்ததிலேயே பெரியதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அதன் தலையில் ஹார்டிங் வீட்டு முத்திரை, மூன்று கோதுமைக் கதிர்கள், பதிந்திருந்தது.

கிரேஸின் பின்னறையில் ஜன்னல் அடைத்து மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தது. மருத்துவச்சி மார்ஜரி வந்து வேலையைத் தொடங்கிவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். வீட்டில் இருந்த முடிச்செல்லாம் அவிழ்த்தாயிற்று. பெட்டி மூடிகள் திறந்து கிடந்தன. பெண்களின் பின்னல்கூட அவிழ்ந்து தொங்கியது. எங்கேயும் ஒரு முடிச்சு இருக்கக் கூடாது, இருந்தால் பிள்ளை வழியில் சிக்கும். அடுப்பில் பார்லி மதுவும் ஓட்ஸும் முட்டையும் இஞ்சியும் போட்ட கஞ்சி கொதித்தது.

உர்சுலா கட்டியைப் பலகையில் தொப்பென்று வைத்தாள். டார்கஸ், ஊரில் உர்சுலாவுக்கு அடுத்த வாய் அவளுடையது, கத்தியை எடுத்துக்கொண்டு கேட்டாள்: “பாலாடைக்கட்டிய அப்பன்தானே கொண்டாரணும்?”

“அந்த ஓடுகாலிய எங்கன்னு தேடறது? இந்தப் புள்ளைக்கு எங்க வீட்டுக்காரரே அப்பன்னு வெச்சுக்குங்க, வெட்டு!” என்றாள் உர்சுலா.

அறையே சிரித்தது. தாம்சின் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். வலி என்று நினைத்துக்கொண்டு உர்சுலா அவள் முதுகை நீவிவிட்டாள்.

வெகுநேரம் ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. மார்ஜரியின் முகம் மாறத் தொடங்கியது. மருத்துவச்சி வேலைக்கு அவள் பிஷப் முன்னால் சத்தியம் செய்தவள்: புருஷன் இல்லாதவளுக்குப் பிள்ளை வருகிறபோது, உயிர்போகும் வலியில் அப்பன் பெயரைக் கேட்க வேண்டும், கூட இருக்கிற பெண்கள் அதைச் சாட்சியாகக் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் பொய் வராது என்பது நம்பிக்கை. சொல்லும்வரை கைகொடுக்கக் கூடாது என்பதும் சத்தியத்தில் ஒரு பங்கு. அதை எழுதியவனுக்குப் பிரசவ வலி வந்திருக்காது.

“பேர் சொல்லும்மா கண்ணு. சொல்லிட்டா நான் கைய வெப்பேன்,” என்றாள் மார்ஜரி.

தாம்சின் தலையை ஆட்டினாள். “ஞானம்மா வெளிய போகட்டும்.”

உர்சுலாவுக்குச் சுருக்கென்றது. “நான் எதுக்குடி போகணும்? உன்னப் பெத்தவ இருந்தா அவளையும் போகச் சொல்லுவியா? நான் ஊரெல்லாம் சொல்லிடுவேன்னுதானே?”

“உங்க கால்ல விழறேன், ஞானம்மா.”

“போக மாட்டேன். அடுப்புப் பக்கம் வேணா போறேன். கஞ்சி அடிப் பிடிக்குது.” முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்க் கரண்டியைக் கையில் எடுத்தாள். காது மட்டும் கட்டில் பக்கமே இருந்தது.

அடுத்த வலியில் தாம்சின் மார்ஜரியின் கழுத்தை வளைத்துக் காதில் ஏதோ சொன்னாள். மார்ஜரி நிமிரவில்லை. சாட்சிக்கு கிரேஸைக் கூப்பிட்டாள், கிரேஸ் குனிந்தாள். டார்கஸ் குனிந்தாள். மற்ற இருவரும் குனிந்தார்கள். குனிந்து எழுந்தவள் ஒவ்வொருத்தியும் ஏதாவது ஒரு வேலையைத் தேடிக்கொண்டாள்.

“யாரு?” என்றாள் உர்சுலா.

கிரேஸ் மெழுகுவர்த்தியின் திரியை வெட்டினாள். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

“ஏ டார்கஸ், உன்னத்தான் கேக்கறேன். யாரு? மில்காரன் மவனா?”

“வெளிய மழை வரும்போல இருக்கு,” என்றாள் டார்கஸ்.

டார்கஸ் வாயில் ஒரு பெயர் விழுந்து அது வெளியே வராமல் உர்சுலா கண்டதில்லை. இளவரசன் பெயராக இருந்தாலும், பாதிரியார் பெயராக இருந்தாலும் இவள்கள் இந்நேரம் அவள் மடியில் கொட்டியிருப்பார்கள். இவ்வளவு பேரும் சேர்ந்து அவளிடம் மட்டும் சொல்லாமல் விழுங்கக்கூடிய பெயர் அந்த ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. கரண்டி அவள் கையிலேயே இருந்தது. கஞ்சி அடிப் பிடித்தது.

கோடை முழுக்க அம்ப்ரோஸ் மேய்ச்சல் நிலம் பேசுகிறேன் என்று கிரேஸ் வீட்டுப் பக்கம் போய்வந்தது நினைவுக்கு வந்தது. ‘அவ பாவம் அவளோட’ என்று தட்டைப் பார்த்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. இதுவரை அவருக்கு மரியாதை கொடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். இனி என்னால் முடியாது.

உர்சுலாவுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் கிடந்த பெண்ணின் தலைமயிரைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று வந்தது. ‘நான் ஊட்டி வளர்த்த பொண்ணு, என் வீட்டுலயே கை வெச்சுட்டாளே’ என்று கொதித்தாள். அப்போது தாம்சின் அலறினாள். முதுகுப் பக்கம் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். அந்த இடம் ஞானத்தாயின் இடம் என்று யாரும் உட்காராமல் காலியாக விட்டிருந்தார்கள். மார்ஜரி உர்சுலாவைப் பார்த்தாள்.

உர்சுலா போய் உட்கார்ந்தாள். கைதான் போனது, மனசு போகவில்லை. தாம்சினை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்தபோது அந்தப் பெண்ணின் உடம்பு அடிபட்ட நாய் போல ஒடுங்கியது. அடிப்பாள் என்று நினைத்துவிட்டாள்.

“ஒரு நாள் கொட்டில் கதவைச் சாத்தினாரு, ஞானம்மா,” என்றாள் மூச்சுக்கு நடுவில். “நான் கத்தினேன். மாடுங்கதான் இருந்துச்சு. வெளிய சொன்னா உன் ஞானம்மா செத்துப்போவான்னு சொன்னாரு.”

அதற்குப் பிறகு மனசும் வந்து சேர்ந்தது. “சாவறதுக்கு நான் என்ன கோழிக்குஞ்சா?” என்றாள் உர்சுலா. “முக்குடி. நான் புடிச்சிருக்கேன்.”

இருட்டிய பிறகுதான் பிள்ளை பிறந்தது. பெண். நல்ல குரல்.

தாயையும் பிள்ளையையும் துடைத்துப் படுக்க வைத்த பிறகு மார்ஜரி உர்சுலாவை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். “வலி சட்டுனு முத்திடுச்சு, பேர் கேக்க நேரமில்லேன்னு சொல்லிடறேன். சத்தியத்த மீறின பாவம் எனக்கே இருக்கட்டும். இவளுங்க யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க.”

“டார்கஸுமா?”

“உனக்காக நாக்க வெட்டிக்கிறேன்க்கா,” என்றாள் டார்கஸ். அவள் அழுதுகொண்டிருந்தாள். உர்சுலாவின் இரண்டு பிரசவத்துக்கும் வந்தவள் அவள். இரண்டு சின்னப் பெட்டிகளுக்குப் பின்னாலும் நடந்தவள்.

“அப்போ இவ?” என்று கட்டிலைக் காட்டினாள் உர்சுலா.

எல்லோருக்கும் பதில் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது அம்ப்ரோஸ் குதிரைச் சேணத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். உர்சுலா கஞ்சியை ஊற்றி வைத்தாள். அவள் வாயிலிருந்து ஒன்றும் வராததால் அவனே கேட்க வேண்டியதாயிற்று.

“பேர் ஏதும் சொன்னாளா?”

“வம்பு பேசினா உங்களுக்குப் பிடிக்காதே.”

“நிர்வாகத்துல இருக்கறவன். தெரிஞ்சுக்கணுமில்ல.”

“சொல்லல,” என்றாள் உர்சுலா.

அம்ப்ரோஸ் மூச்சு விட்டான். பிறகு கிண்ணத்தை நீட்டி இன்னொரு கரண்டி கஞ்சி கேட்டான். வழக்கமாக ஒன்றுக்கு மேல் கேட்காதவன். சொட்டு விடாமல் துடைத்துத் தின்றான்.

“ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் முடிஞ்சதும் வண்டிய வரச் சொல்லியிருக்கேன். அவளை அன்னிக்கே ஏத்தி அனுப்பிடலாம்,” என்றான்.

“ஞாயித்துக்கிழமையா? பச்ச உடம்புங்க. ஒரு மாசம் படுக்க வேணாமா?”

“மாசக் கணக்கெல்லாம் கல்யாணம் ஆனவளுக்கு.”

பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் படுத்திருக்க வேண்டும்; அந்த மாதம் அவளைத் தொட அரசனுக்கும் அதிகாரம் இல்லை என்று அந்த ஊர்ப் பெண்கள் நினைத்திருந்தார்கள். உர்சுலா கஞ்சிப் பானையை மூடினாள். அவனுடைய துரோகத்தைக்கூட அவள் ஒருவேளை காலம் முழுக்க நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியிருப்பாள். பெண்கள் அப்படி எத்தனை பேர்! அந்த இரண்டாவது கரண்டிக் கஞ்சியைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தூறல். கோயில் வாசல் மண்டபத்தில் பாதிரியார் நின்றார். பக்கத்தில் அம்ப்ரோஸும், நிர்வாகத்தில் இன்னொருவரான கிழவர் கில்பர்ட்டும். மதிலுக்கு வெளியே வண்டி தயாராக நின்றது. பெண்கள் ஒன்றாக வந்தார்கள். பிள்ளை உர்சுலாவின் கையில் இருந்தது. தாம்சின் வரவில்லை, பிள்ளை பெற்றவள் மாதம் முடியாமல் கோயிலுக்கு வரக் கூடாது.

முறைப்படி கில்பர்ட் கேட்டார். “ஏம்மா மார்ஜரி, அப்பன் பேரு சொன்னாளா அந்தப் பொண்ணு?”

மார்ஜரி தரையைப் பார்த்தாள். “வந்து... வலி சட்டுனு முத்தி...”

“கொஞ்சம் பொறுங்க பெரியவரே,” என்றாள் உர்சுலா. “முதல்ல பிள்ளைக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிடறோம். டார்கஸ், அத எடு.”

டார்கஸுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கூடையின் துணியை விலக்கி வளையத்தை எடுத்தாள். நடுப்பாகம் தின்று தீர்ந்து, தடித்த ஓரம் மட்டும் வட்டமாக நின்றது. ஓரத்தில் மூன்று கதிர்களும் பாதி பாதியாகத் தெரிந்தன. உர்சுலா அதை வாங்கி நேராக அம்ப்ரோஸிடம் நீட்டினாள்.

“புடிங்க.”

“என்னது இது?”

“உங்க வீட்டுக் கட்டி. புள்ளைய உள்ள விட்டு எடுக்கணும். அப்பன்தானே புடிக்கணும்?”

பாதிரியார் கையிலிருந்த ஜெபப் புத்தகத்தை மூடினார். அம்ப்ரோஸின் முகத்தில் ரத்தம் ஏறியது.

“புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு? ஐயா, நீங்க உள்ள வாங்க. இவளுங்க ஒரு கூட்டம். கதவச் சாத்திக்கிட்டு ஒருத்தி இட்டுக்கட்டுவா, ஒம்பது பேரு பரப்புவாளுங்க. காசிப்!” காலடியில் துப்புகிற மாதிரி அந்தச் சொல்லைச் சொன்னான்.

“பேரு சொன்னா,” என்றாள் மார்ஜரி. இப்போது அவள் தரையைப் பார்க்கவில்லை. “பிஷப் ஐயா முன்னால பண்ணின சத்தியமாச் சொல்றேன். அம்ப்ரோஸ் ஹார்டிங்னு சொன்னா. நான் கேட்டேன்.”

“நானும் கேட்டேன்,” என்றாள் கிரேஸ். “என் கொட்டில்ல வெச்சுத்தான் நடந்திருக்கு.”

“நானும்,” என்றாள் டார்கஸ். மற்ற இருவரும் அதையே சொன்னார்கள்.

கில்பர்ட் கிழவர் வளையத்தையும் முத்திரையையும் அம்ப்ரோஸையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு. அவரும் வளையம் பிடித்தவர். “புடிப்பா,” என்றார் கடைசியில். “சாரல்ல புள்ள நனையுது.”

அம்ப்ரோஸ் பிடித்தான். உர்சுலா பிள்ளையை அதற்குள் விட்டு எடுத்தாள், மெதுவாக, தலை இடிக்காமல். அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் இதே மண்டபத்தில் இதே கைகள் வளையம் பிடித்தன. அந்த நினைவு வந்தபோது அவள் அழுதாள். அழுவதை யாரிடமும் மறைக்கவில்லை.

வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பியவர் கில்பர்ட்தான்.

உர்சுலா அன்று தன் வீட்டுக்குப் போகவில்லை. மாதம் முடியும்வரை தாயோடு இருக்க ஞானத்தாய்க்கு உரிமை உண்டு. அதற்கப்புறம் என்ன என்பதை அவள் அன்று யோசிக்கவும் இல்லை. கிரேஸின் பின்னறைக்குள் நுழைந்தபோது, வண்டிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு தாம்சின் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். துணி மூட்டைகூடக் கட்டி வைத்திருந்தாள்.

உர்சுலா பிள்ளையை அவள் மடியில் போட்டாள். மூட்டையைத் தூக்கி, முதல் வேலையாக அதன் முடிச்சை அவிழ்த்தாள்.

தாம்சின் அவள் முகத்தைப் பார்த்தாள். “சொல்லிட்டீங்களா, ஞானம்மா?”

“என் வாயில எதுதான்டி தங்கியிருக்கு?” என்றாள் உர்சுலா.